பச்சை விழுந்த பிறகு: நான்கு ரோட்டிலிருந்து ஏற்காடு வரை

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும் அதற்குள் மூன்று பேரின் சங்கடம் இருக்கிறது. எழுபது வயதான உங்கள் தாயார் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சேலம் நான்கு ரோடு பக்கம் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது; பச்சை எரிந்ததும் இறங்கினாலும் பாதி வழியிலேயே விளக்கு மாறிவிடுகிறது, இடது பக்கம் திரும்புகிற வண்டிகளோ நிற்பதே இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன் சூரமங்கலத்திலிருந்து சைக்கிளில் பள்ளிக்குச் செல்கிறான். நகரப் பேருந்துகளுக்கு நடுவே அவன் எங்கே நிற்பது நல்லது என்று தெரியவில்லை. நீங்கள் அண்மையில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, குடும்பத்தோடு ஏற்காடு செல்ல நினைக்கிறீர்கள். சட்டப்படி யாருக்கு முதல் உரிமை, நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிடெக்னிக் ஒன்றில் போக்குவரத்துப் பொறியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையிலும், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இந்த ஊர்ச் சந்திப்புகளில் வண்டிகளை எண்ணி நின்றவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சிக்னல் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே இடத்தைப் பல திசைகளிலிருந்து வருபவர்கள் கேட்கும்போது, அந்த இடத்தை நேரத்தால் கூறுபோட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. இந்த யோசனை ரயில்வேயிலிருந்து சாலைக்கு வந்தது. 1868-இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே முதன்முதலில் நிறுத்தப்பட்ட சாலை சிக்னலை வடிவமைத்தவர் ஒரு ரயில்வே பொறியாளர். எரிவாயுவில் எரிந்த அந்த விளக்கு அடுத்த மாதமே வெடித்துவிட்டது என்பது தனிக் கதை. ரயில் பாதையிலிருந்து வண்ணங்களை வாங்கிக்கொண்ட சாலை, ரயில் பாதையில் இருக்கும் ஒழுங்கை வாங்கிக்கொள்ள முடியவில்லை. ரயிலுக்குப் பச்சை காட்டினால் முன்னால் உள்ள தண்டவாளம் காலியாக இருக்கிறது என்று பொருள். ஓர் ஆளோ கருவியோ அதைச் சோதித்து உறுதி செய்த பிறகே அந்த விளக்கு எரிகிறது. சாலையில் பச்சை எரிவதற்கு முன் யாரும் எதையும் சோதிப்பதில்லை. கடிகாரம் ஓடுகிறது, விளக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே சாலைப் பச்சை, "போகலாம்" என்ற அனுமதியை மட்டுமே தருகிறது; வழியில் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு போகிறவரிடமே இருக்கிறது. நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான சண்டைகளும், "பச்சையில்தானே வந்தேன்" என்ற வாதமும், இந்த வேறுபாடு பலருக்கும் புரியாததால் வருபவை.

மஞ்சள் விளக்கைப் பற்றி இன்னும் தவறான எண்ணம் இருக்கிறது. "சீக்கிரம் போ" என்று அது சொல்வதாகவே பலர் ஓட்டுகிறார்கள். மஞ்சள் சொல்வது, நிற்க முடிந்தால் நில் என்பது. நிற்கவே முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டவர்கள் மட்டுமே கடக்க வேண்டும். இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் நகர்கிறது. விளக்கு மாறியதைக் கண் பார்த்து, கால் பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆகும்; அதற்குள் 11 மீட்டர் போய்விடும். பிறகு, பின்னால் வருபவர் மோதாத அளவுக்கு நிதானமாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 21 மீட்டர் வேண்டும். ஆக 32 மீட்டருக்கு அப்பால் இருப்பவர் நிறுத்தக் கோட்டுக்கு முன் நின்றுவிடலாம். அதைவிட நெருக்கமாக இருப்பவர் மூன்று விநாடி மஞ்சளுக்குள் 33 மீட்டர் ஓடிக் கோட்டைத் தாண்டிவிடலாம். இருவருக்குமே வழி இருக்கிறது.

இதே வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் கணக்கு உடைந்துவிடுகிறது. நிற்க 63 மீட்டர் வேண்டும். மூன்று விநாடியில் ஓடக்கூடியதோ 50 மீட்டர்தான். கோட்டிலிருந்து 50 மீட்டருக்கும் 63 மீட்டருக்கும் இடையில் இருக்கும்போது மஞ்சள் விழுந்தால், அந்த ஓட்டுநர் நிதானமாக நிற்கவும் முடியாது, சிவப்பு விழுமுன் கோட்டைத் தாண்டவும் முடியாது. இதில் மாட்டிக்கொண்டவர் ஒன்று தேய்த்துக்கொண்டு நிற்பார், அல்லது சிவப்பில் பாய்வார். எனவே சிக்னலை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பது மரியாதைக்காகச் சொல்லப்படுவதன்று. குறைக்காதவருக்கு அந்தச் சிக்னல் வேலையே செய்யாது. மழைக்காலத்தில் டயரின் பிடிப்பு குறைவதால் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

விநாடிகளைத் தலைகீழாக எண்ணிக் காட்டும் பலகைகள் வந்த பிறகு புதிய பழக்கம் ஒன்று தொற்றிக்கொண்டது. சிவப்பில் எண் மூன்றுக்கு வந்தவுடன் பைக்குகள் உறுமத் தொடங்குகின்றன. ஒன்று விழுவதற்குள் முன்வரிசை பாதிச் சந்திப்பைத் தாண்டியிருக்கிறது. எதிர்ப்புறத்தில், பச்சையில் எண் மூன்றைக் கண்டவர்கள் அதற்குள் போய்விட வேண்டும் என்று விரட்டி வருகிறார்கள். இருவரும் சந்திப்பின் நடுவில் சந்திக்கிறார்கள். எல்லாத் திசைக்கும் ஓரிரு விநாடி சிவப்பு காட்டும் ஏற்பாடு சில சிக்னல்களில் இருப்பது இந்த மோதலைத் தவிர்க்கத்தான். அந்த இடைவெளியையும் நாம் தின்றுவிட்டால் பொறியாளர் செய்யக்கூடியது ஏதுமில்லை. என்னைக் கேட்டால், உங்கள் வீட்டு மூவருக்கும் பொதுவாக ஒரே ஒரு வழக்கத்தைச் சொல்வேன்: பச்சை விழுந்ததும் இரண்டு விநாடி பொறுத்து, வலமும் இடமும் பார்த்துவிட்டு நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

இனி உங்கள் தாயாரின் விஷயம். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது இதுதான், ஏனென்றால் தவறு அவரிடம் இல்லை. நடப்பவருக்கான பச்சை நேரத்தைக் கணக்கிடும்போது பொறியாளர்கள் வழக்கமாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடை வேகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 14 மீட்டர் அகலமுள்ள சாலைக்கு அது ஏறக்குறைய 12 விநாடி. முழங்கால் வலியுள்ள முதியவர், கையில் பையோடு, விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே பெரிது; அவருக்கு அதே சாலை 17 விநாடிக்கு மேல் கேட்கும். ஐந்து விநாடி குறைபாடு என்பது காகிதத்தில் சிறிய எண். சாலையில் அது நான்கு மீட்டர், அதாவது ஒரு பேருந்து ஓடும் தடம் முழுவதும்.

ஒருமுறை அஸ்தம்பட்டிப் பக்கம் மாணவர்களோடு நின்றிருந்தபோது, பூக்கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பாட்டியை நிறுத்தக் கடிகாரம் வைத்துக் கவனித்தோம். விளக்கு மாறியதும் அவர் இறங்கவில்லை. முதலில் வலப்பக்கம் பார்த்தார், பிறகு சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினார், பிறகு நடைமேடை விளிம்பிலிருந்து ஒரு காலை வைத்து, அது ஊன்றிய பிறகு மறுகாலை இறக்கினார். சாலையில் கால் பதியவே நான்கு விநாடி போய்விட்டது. மாணவன் ஒருவன், "ஐயா, இந்த நான்கு விநாடி நம் சூத்திரத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். நடைமேடை முக்கால் அடி உயரத்தில், சரிவுப்பாதை இல்லாமல் கட்டப்பட்டிருந்தால் சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை என்பதை அன்றைக்கு அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன் என்று சொல்வதைவிட, அவன் எனக்குக் கற்றுக்கொடுத்தான் என்று சொல்வதே சரி.

ஆகையால் உங்கள் தாயார் செய்ய வேண்டியது, பச்சை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்போது இறங்காமல் இருப்பது. எவ்வளவு விநாடி மீதியிருக்கிறது என்று தெரியாத பச்சை அவருக்கு உதவாது. ஒரு சுற்று காத்திருந்து, அடுத்த பச்சை விழும் கணத்தில் முதல் ஆளாக இறங்கட்டும். நடக்கும் மனித உருவம் சிமிட்டத் தொடங்கினால், இறங்காதவர் இறங்கக் கூடாது, இறங்கியவர் திரும்பி ஓடாமல் முடித்துவிட வேண்டும் என்று பொருள். நடுவில் மீடியன் இருந்தால் அதில் நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருப்பதில் எந்த அவமானமும் இல்லை. அகலச் சாலையை இரண்டு சிறிய சாலைகளாகக் கடப்பதுதான் முதியவர்களுக்கு உகந்தது. நடுச்சாலையில் விளக்கு மாறிவிட்டால் பின்வாங்குவதுதான் பேராபத்து. நேராக, ஒரே சீராக, கையை உயர்த்தி நடப்பவரை ஓட்டுநர் கணித்துவிடுவார். முன்னும் பின்னும் ஆடுபவரைக் கணிக்க முடியாது.

சட்டத்தின் பக்கம் வருவோம். கோடு போட்ட கடவையில் நடப்பவருக்கே முன்னுரிமை என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது; அவற்றுக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் அந்த உரிமை தொடர்கிறது. இடது பக்கம் தடையின்றித் திரும்பலாம் என்று பலகை வைத்திருந்தால்தான் சிவப்பிலும் இடதுபுறம் திரும்பலாம். பலகை இல்லாத இடத்தில் "ஃப்ரீ லெஃப்ட்" என்று ஒன்று கிடையாது. பலகை உள்ள இடத்திலும், திரும்புகிறவர் கடந்துகொண்டிருப்பவருக்கு வழிவிட்டாக வேண்டும். நம் ஓட்டுநர்கள் "ஃப்ரீ" என்ற சொல்லை நிற்கத் தேவையில்லை என்று மட்டுமல்லாமல், பார்க்கத் தேவையில்லை என்றும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உங்கள் தாயாரை மிரட்டும் வண்டிகள் இந்த வகைதான். அவர் கடவையின் இடது விளிம்பில், அதாவது திரும்பும் முனைக்கு மிக அருகில், நடக்காமல் ஓரிரு அடி உள்ளே தள்ளி நடந்தால், திரும்புகிற ஓட்டுநரின் கண்ணில் ஒரு கணம் முன்னதாகவே படுவார்.

நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐவரில் ஒருவர். இருசக்கர வாகனத்தில் சென்றவர்களையும் சேர்த்தால் மொத்தத்தில் பாதியைத் தாண்டிவிடுகிறது. அதே ஆண்டில் மாநிலங்களிலேயே மிகுதியான விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: 64,105. காருக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்பு இருக்கிறது. நடப்பவருக்குச் சேலையும் வேட்டியும்தான்.

ஐந்து ரோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு வெளியூர் வண்டிகளின் நெருக்கடி குறைந்தது உண்மை. ஆனால் மேம்பாலம் ஓட்டுநரின் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. கீழே நடப்பவருக்குத் தூண்கள் புதிதாக வந்து சேர்கின்றன; தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெளிப்படும்போது ஓட்டுநருக்கும் அவருக்கும் ஒரு கண நேரம்தான் இருக்கிறது. நண்பகல் வெயிலிலிருந்து பாலத்தின் நிழலுக்குள் நுழையும் ஓட்டுநரின் கண் இருட்டுக்குப் பழகவும் சற்று நேரம் பிடிக்கும். அங்கெல்லாம் தூணோடு ஒட்டி நிற்காமல், தூணைத் தாண்டி முகம் தெரியும்படி நின்று, வருகிற ஓட்டுநர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகே கால் வைக்க வேண்டும். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் முன்பக்கமாகக் குறுக்கே போவதும் இதே வகை ஆபத்து. பேருந்து போகட்டும், சாலை திறக்கட்டும், பிறகு கடக்கலாம்.

உங்கள் மகனுக்கு வருகிறேன். சைக்கிள் சட்டப்படி ஒரு வாகனம். சிவப்பு அவனுக்கும் சிவப்புதான். "நான் சைக்கிள்தானே" என்று ஓரமாக நழுவுவது பள்ளிப் பிள்ளைகளிடம் இயல்பாகவே இருக்கிறது, அதைத் திட்டித் திருத்த முடியாது. காரணத்தைச் சொல்லித்தான் திருத்த வேண்டும். அவனுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, நிற்கும் பேருந்துக்கோ லாரிக்கோ இடது பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்பது. நீளமான வண்டி இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போகும் வழியில் பின்சக்கரம் போவதில்லை. முன்பக்கம் அகலமாக வளைந்து போகும், பின்சக்கரம் முனையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். அந்த உள்பக்கத்தில் சைக்கிளோடு நிற்பவன் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியவும் மாட்டான், ஒதுங்க இடமும் இருக்காது. பேருந்தின் முகப்பு எங்கோ தள்ளிப் போவதைப் பார்த்து, வழி கிடைத்துவிட்டது என்று அவன் முன்னேறுவான். அப்போதுதான் பின்பக்கம் நெருங்கும்.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. வகுப்பில் நான் ஒரு நீளப் பலகையில் நான்கு சக்கரம் பொருத்தி, சக்கரங்களில் ஈரச் சுண்ணாம்பு தடவித் தரையில் திருப்பிக் காட்டுவேன். முன்சக்கரத்துக்கு ஒரு கோடு, பின்சக்கரத்துக்கு வேறொரு கோடு. இரண்டுக்கும் இடையில் பிறை வடிவில் ஓர் இடம் விழும். அந்தப் பிறைக்குள் ஒரு தீப்பெட்டியை வைத்து மறுபடியும் திருப்பினால் தீப்பெட்டி நசுங்கும். வீட்டில் ஒரு பொம்மை லாரியை வைத்தே நீங்கள் இதைச் செய்து காட்டலாம்.

அவன் சிக்னலில் நிற்க நல்ல இடம், வரிசையின் முன்னால், நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால், ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே பார்க்கக்கூடிய இடம். அது கிடைக்காவிட்டால் பேருந்துக்குப் பின்னாலேயே நிற்கட்டும். ஒரு சுற்று தாமதமானாலும் பள்ளி மணி காத்திருக்காது என்பதால் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பட்டும். பெரிய சந்திப்பில் வலது பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் நடுத் தடத்துக்கு வர முயலாமல், நேராகப் போகிற பச்சையில் எதிர் ஓரம் வரை சென்று, அங்கே இறங்கி, அடுத்த பச்சையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே கடப்பது நல்லது. தள்ளிக்கொண்டு போகும்போது அவன் நடப்பவன்; நடப்பவருக்குள்ள முன்னுரிமை அவனுக்கும் உண்டு. நிறுத்தியிருக்கும் கார்களையும் ஆட்டோக்களையும் ஒட்டிப் போகாமல் ஒரு கதவின் அகலம் விட்டு ஓட்டச் சொல்லுங்கள். சைக்கிளின் பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கைப்பிடியின் இருபுறமும் சாக்குப் பை தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து இவனும் புத்தகப் பையைக் கைப்பிடியில் மாட்டுவான். பிரேக் பிடித்தால் கைப்பிடி ஒருபுறம் இழுத்துவிடும். பை முதுகிலோ கேரியரிலோ இருக்கட்டும்.

ஸ்கூட்டர் கேட்கிறான் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டாம். உரிமம் பெறும் வயது வராதவர் ஓட்டினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் மீதே வழக்கு வரும். 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தும் அதில் உண்டு.

கார் ஓட்டும் உங்களுக்குச் சிக்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியை மேலேயே சொல்லிவிட்டேன். மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை எரிந்தாலும் சந்திப்புக்கு அப்பால் வண்டிகள் தேங்கி நின்றால் உள்ளே நுழையாதீர்கள். நடுவில் மாட்டிக்கொள்ளும் ஒரு கார் நான்கு திசையையும் அடைத்துவிடும். இரவில் மஞ்சள் சிமிட்டினால் வேகத்தைக் குறைத்துக் கவனித்துப் போகலாம்; சிவப்பு சிமிட்டினால் முழுவதும் நின்று பார்த்துவிட்டே போக வேண்டும். போலீஸ்காரர் கை காட்டினால் விளக்கைவிட அவர் கைக்கே மதிப்பு. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முதல் உரிமை. உள்ளே வருபவர் வலப்பக்கம் பார்த்துக் காத்திருந்து நுழைய வேண்டும். சிவப்பைத் தாண்டுவது, கையில் செல்போனோடு ஓட்டுவது இரண்டையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுதலோடு சேர்த்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். சிவப்பில் நிற்கும்போது கார் ஜீப்ரா கோட்டின் மேல் ஏறி நிற்கக் கூடாது. நீங்கள் அப்படி நின்றால், உங்கள் தாயாரைப் போன்ற இன்னொருவர் உங்கள் பானெட்டைச் சுற்றிக்கொண்டு ஓடும் வண்டிகளுக்குள் இறங்க நேரும்.

ஏற்காட்டுப் பாதை வேறு உலகம். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்துவிட்டால் சிக்னல் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே வருபவரும் நீங்களும் ஒருவருக்கொருவர் சிக்னல். அங்கே முதல் விதி, ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது. ஏறுகிறவர் நின்றால் மறுபடி கிளம்புவது கடினம், பின்னால் உருளும் ஆபத்தும் உண்டு. இறங்குகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பழைய விதிகளிலும் எழுதப்பட்டிருக்கும் இந்த முறையை மலையில் பழகிய பேருந்து ஓட்டுநர்கள் பிசகாமல் காக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரும் வெளியூர்க் கார்கள்தான், இறங்கும் வேகத்தில் நடுச்சாலையைப் பிடித்துக்கொள்கின்றன.

வளைவில் பேருந்து திரும்புவதைப் பார்த்தீர்களானால் அது சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வது தெரியும். மகனுக்குச் சொன்ன அதே பின்சக்கரக் கணக்கு இங்கேயும் இருக்கிறது. எதிரே பேருந்து தெரிந்தால் வளைவுக்குள் போகாமல், வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் நின்றுவிடுங்கள். உள்ளே போய்விட்டு "ஓரமாக வழி கொடுக்கிறேன்" என்று நினைத்தால் ஓரமே இருக்காது. குவி கண்ணாடி வைத்திருக்கும் வளைவுகளில் அதைப் பாருங்கள். ஆனால் அதில் தெரியும் வண்டி, தெரிவதைவிட அருகில் இருக்கிறது. மலைப்பாதையில் ஹாரன் அடிப்பது நாகரிகக் குறைவு அன்று. மறைவான வளைவில் ஒருமுறை அடித்து, பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். காருக்குள் பாட்டு அலறினால் அந்தப் பதில் உங்களுக்குக் கேட்காது.

இறக்கத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிய ஓட்டுநர் அஞ்சுவது ஏற்றத்துக்கு; ஆபத்து இருப்பது இறக்கத்தில். ஏற்காட்டிலிருந்து சேலம் வரை ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக இறங்குகிறீர்கள். ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், ஏறக்குறைய 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அந்த வெப்பம் முழுவதையும் பிரேக்கின் மேல் போட்டால் அது பழுக்கச் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்குப் போய்விடும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. எனவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; பெரும்பாலும் இரண்டாவது, வளைவுகளில் தேவைப்பட்டால் முதலாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பிரேக்கை விடாமல் தொட்டுக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு காலை எடுத்துவிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் காற்றுப் பட்டு ஆறும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்குபவர்களை இன்னும் பார்க்கிறேன். அதிலும் எஞ்சினை அணைத்துவிட்டால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் போய்விடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கைப்புத்தகத்தைப் பார்த்து, தாழ்ந்த கியரில் நிறுத்தி வைக்கும் முறையை வீட்டிலேயே பழகிக்கொண்டு கிளம்புங்கள்.

2024 ஏப்ரல் இறுதியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பேருந்து ஒன்று வளைவில் கவிழ்ந்து உயிர்கள் போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகாவது இறக்கத்தின் மேல் நமக்குச் சற்று அச்சம் வர வேண்டும்.

மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள். பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். டிப் வெளிச்சத்தில் சாலையோரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாகச் சிமிட்டவிட்டுக்கொண்டு ஓட்டுவதும் தவறு, நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதே பின்னால் வருபவருக்குத் தெரியாது. குரங்குகளுக்குப் பழம் போட வளைவில் நிறுத்துவதைப் பிள்ளைகள் எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஞாயிறு விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து சைக்கிளில் ஏறுபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ஏறும்போது அவர்கள் சற்று ஆடி ஆடித்தான் மிதிப்பார்கள், ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு, எதிரே வழி தெரியும் இடத்தில் மட்டும் முந்துங்கள். கோடை விழா நாட்களில் ஏறுவதற்கு ஒரு வழி, குப்பனூர் பக்கமாக இறங்குவதற்கு ஒரு வழி என்று போலீசார் மாற்றிவிடுவது உண்டு. குப்பனூர் வழி குறுகலானது, முதல் பயணத்துக்கு அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

கடைசியாக, உங்கள் தாயாருக்குப் போதாமல் போகும் அந்த விநாடிகள். அவற்றைக் கூட்டித் தரும்படி கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுக்கலாம். ஆனால் "முதியவர்கள் சிரமப்படுகிறார்கள்" என்று மட்டும் எழுதினால் அது பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். சாலையின் அகலத்தைக் காலடியால் அளந்து மீட்டரில் எழுதுங்கள். பச்சை எத்தனை விநாடி எரிகிறது என்பதைக் காலை, மாலை இரு வேளையும் செல்போன் கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். உங்கள் தாயார் கடக்க எத்தனை விநாடி ஆனது என்பதையும் தேதியோடு எழுதுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சிக்னலுக்காக இப்படிக் கேட்டேன். என் முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை, இரண்டாவதுக்கு "ஆவன செய்யப்படும்" என்று ஒரு வரி வந்தது. மூன்றாவது கடிதத்தில் கணக்கைப் போட்டு, சாலையின் படத்தையும் வரைந்து அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அந்த வழியாகப் போனபோது வழக்கம்போல எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டாக இருந்தது பதினாறாகியிருந்தது.